தத்துவம் படிக்கட்டும், துறையைப் பார்த்துச் சேருங்கள்

வணக்கம் அம்மா.

மகள் எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டாள், இந்தியத் தத்துவத்தில்தான் பிஎச்.டி. செய்வேன் என்று நிற்கிறாள், மதுரை கீழமாசி வீதிப் பலசரக்குக் கடையில் இருக்கும் அவள் அப்பாவோ "இதப் படிச்சுட்டு என்னத்தப் பண்ணப் போறா?" என்று கேட்டுவிட்டுப் பேச்சையே குறைத்துக்கொண்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் கேட்டதில் தப்பே இல்லை. நானும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். தத்துவத் துறை என்ற பெயரில் தமிழ்நாட்டில் வாத்தியார் வேலை மிகக் குறைவு. தத்துவத் துறையே இல்லாத கலைக்கல்லூரிகள்தான் அதிகம். நம் பக்கத்தில் கருமாத்தூர் அருள் ஆனந்தர் கல்லூரி மாதிரி சில இடங்கள் உண்டு; வெளியே போனால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இராதாகிருஷ்ணன் தத்துவ உயராய்வு நிலையம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம், ஐ.ஐ.டி.க்களின் கலையியல், சமூக அறிவியல் துறைகள். இவற்றில் எப்போது ஓர் இடம் காலியாகும் என்று காத்திருப்பது சாமானியக் குடும்பத்துக்கு ஆகிற காரியமா என்றுதான் அப்பா கேட்கிறார்.

அதனால் அவளை நிறுத்திவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. பிள்ளை எதைப் படிக்கிறாள் என்பது ஒரு விஷயம். எந்தத் துறையின் பேரில் பட்டம் வாங்குகிறாள் என்பது இன்னொரு விஷயம். வீட்டில் நடக்கிற சண்டை முதலாவதைப் பற்றியது. முடிவு செய்ய வேண்டியதோ இரண்டாவது. இந்தியத் தத்துவத்தைத் தமிழ்த் துறையில் இருந்துகொண்டே ஆழமாகப் படிக்கலாம், அதுவும் குறைச்சலாக இல்லை.

மணிமேகலையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பாடிய சீத்தலைச் சாத்தனார் மதுரைக் கூலவாணிகர், அதாவது தானிய வியாபாரி. (இதை அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். கடைக்காரருக்கும் தத்துவத்துக்கும் சம்பந்தமில்லை என்று அவரால் சொல்ல முடியாது.) அதன் 27ஆம் காதையில் வஞ்சி நகரத்தில் சமயக்கணக்கர், அதாவது பல சமயங்களின் ஆசிரியர்கள், ஒவ்வொருவரும் தம் கொள்கையை மணிமேகலைக்குச் சொல்கிறார்கள். அளவைவாதி, சைவவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன், பூதவாதி என்று வரிசை நீள்கிறது. அளவைவாதி பேசும்போது வேதவியாசர், கிருதகோடி, சைமினி என மூவரைச் சொல்லி, அறிவு பெறும் வழிகளை அவர்கள் முறையே பத்து, எட்டு, ஆறு என்று எண்ணியதாகச் சொல்கிறான். ஆறு என்ற கணக்கு, வேதச் சடங்குகளை ஆராயும் மீமாம்சை என்ற தத்துவ மரபில் பாட்டர் என்ற பிரிவு ஏற்கிற கணக்கு. அப்படியானால் எட்டு யாருடையது, பத்து எந்த மரபுடையது, இந்தக் கிருதகோடி யார், சாத்தனார் எந்த நூல்களைப் படித்திருந்தால் இப்படி எழுதியிருப்பார்? இப்படி ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஐந்து ஆண்டு போதாது. 29ஆம் காதை இன்னும் கடினம். பௌத்தத் தருக்கம், குறிப்பாகப் போலி ஏதுக்களின், அதாவது வாதத்தில் காட்டும் தவறான காரணங்களின் வகைகள், அதில் விரிகின்றன. சமஸ்கிருதத்தில் உள்ள நியாயப்பிரவேசம் என்ற நூலோடு அறிஞர்கள் அதை ஒப்பிட்டுப் பேசிவருகிறார்கள். சமண வாத நூலான நீலகேசி இருக்கிறது, சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் பிற சமயங்களை மறுக்கும் பரபக்கம் இருக்கிறது, 12 சூத்திரங்கள் மட்டுமே உள்ள சிவஞானபோதத்துக்கு 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் எழுதிய மாபாடியம் என்ற பேருரை இருக்கிறது. தமிழ் எம்.ஏ. படித்தவளுக்கு இதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் சொத்து. தத்துவம் மட்டும் படித்துவிட்டு வருகிறவர்கள் பலருக்கு இந்த நூல்களைப் பதம் பிரித்து வாசிக்கவே வராது.

தமிழ்த் துறை என்றால் ஏறக்குறைய எல்லாக் கலைக்கல்லூரியிலும் உண்டு. போட்டி கடுமையானதுதான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் வண்டியே வராத நிறுத்தத்தில் நிற்பதைவிட, கூட்டமாக வருகிற வண்டியில் முண்டியடித்து ஏறுவது மேல்.

இல்லை, நியாயம் என்ற தருக்க மரபும் வேதாந்தமும் ஜெர்மன் தத்துவ அறிஞர் கான்ட்டும் எல்லாம் வேண்டும், தத்துவத் துறைதான் வேண்டும் என்று பிள்ளை உறுதியாக இருந்தால், அதற்கும் வழி உண்டு. செலவு அதில் அதிகம், காலத்தைச் சொல்கிறேன். கல்லூரி ஆசிரியர் வேலைக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட்டை முதுகலையில் படித்த பாடத்தில்தான் எழுத வேண்டும். ஆகவே முதலில் தத்துவத்தில் இன்னொரு எம்.ஏ. வேண்டும். இக்னோ என்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தொலைநிலையில் அந்தப் படிப்பு இருக்கிறது, குறைந்தது 2 ஆண்டு, ஆங்கிலத்தில் படிக்க வேண்டியிருக்கும். அவர்களின் மண்டல மையம் மதுரையிலேயே உள்ளது. அதன்பின் நெட் தத்துவத்தாள். அது ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும், தமிழில் வராது. பாடத்திட்டத்தில் ஏறக்குறைய பாதி மேலைத் தத்துவம். இந்தியத் தத்துவம் பிடிக்கும் என்று போகிற பிள்ளைகள் பலர் அங்கேதான் தடுமாறுகிறார்கள்.

எந்தத் துறையானாலும் முதலில் நெட்டைப் பாஸ் பண்ணட்டும், பிறகு பிஎச்.டி. இந்த வரிசையை மாற்ற நான் சம்மதிக்க மாட்டேன். காரணம் இரண்டு. 2023 ஜூலையிலிருந்து உதவிப் பேராசிரியர் வேலைக்கு நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்ச்சிதான் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) கேட்கும் குறைந்தபட்சத் தகுதி, பிஎச்.டி. அந்தப் பதவிக்குக் கட்டாயமில்லை. இரண்டாவது பணம். நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் 2 ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி, மொத்தம் 5 ஆண்டு. ஜே.ஆர்.எஃப்.புக்கு வயது வரம்பு 30, பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு. உதவித்தொகை சில சமயம் மாதக்கணக்கில் நின்று மொத்தமாக வரும், அதைக் கணக்கில் வையுங்கள். ஜே.ஆர்.எஃப். இல்லாவிட்டால் பிற்பட்டோருக்கும் பட்டியலினத்தவருக்கும் தனித் தேசிய உதவித்தொகைகள் உண்டு. இந்தியத் தத்துவ ஆய்வுக் கழகம் என்று தில்லியில் ஒரு மத்திய அமைப்பு இருக்கிறது. தத்துவ ஆய்வு மாணவர்களுக்கு அவர்களும் உதவித்தொகை தருகிறார்கள். எதுவுமே கிடைக்காமல், கையில் இருக்கும் காசைப் போட்டு முழுநேரமாகச் சேர்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கல்யாணப் பேச்சை நீங்கள் கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். உண்மையில் அதுதான் முதல் கவலை என்று புரிகிறது. யு.ஜி.சி.யின் 2022 விதிகளின்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு, மறுபதிவில் இன்னும் 2 ஆண்டு. பெண்களுக்கு அதற்கும் மேல் 2 ஆண்டு தளர்வு. மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பு. கல்யாணமாகிக் கோயம்புத்தூரோ சென்னையோ போய்விட்டால், அதுவரை செய்த ஆய்வை அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்ள அதே விதிகள் இடம் தருகின்றன. படிப்பு முடிந்தபிறகு கல்யாணமா, நடுவிலா என்பது உங்கள் வீட்டு முடிவு, அதில் நான் தலையிடவில்லை. கல்யாணம் ஆனால் படிப்பு போச்சு என்று யாராவது சொன்னால் மட்டும் இந்த விதியைக் காட்டுங்கள். வரன் பார்க்கும்போது மாப்பிள்ளை வீட்டாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

சமஸ்கிருதம் எதற்கு, தமிழ் நூல்தானே என்று அவள் கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மாபாடியத்தில் சிவஞான முனிவர் வாதம் செய்வது வடமொழித் தருக்க நூல்களோடு. அவர் யாரை மறுக்கிறார் என்று தெரியாமல் உரை எழுதினால் பாராட்டு மட்டும்தான் மிஞ்சும், ஆய்வு இருக்காது. இப்போதே எழுத்திலிருந்து தொடங்கட்டும், ஆசிரியர் ஒருவரை வைத்து வாரம் மூன்று நாள். தமிழ்நாட்டில் வடமொழி எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தும் பழகினால் நல்லது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் குவிந்திருக்கும் சைவச் சுவடிகள், 2005இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் ஏற்றியவை, அவற்றில் பெரும்பகுதி கிரந்தத்தில்தான் இருக்கிறது. தத்துவத்தைத் தமிழ் வழியாகப் படித்தவள், வடமொழியும் கிரந்தமும் தெரிந்தவள் என்றால் நாளைக்கு நேர்முகத்தேர்வில் அவளைப் போல் இன்னொருவர் வரிசையில் இருப்பது அபூர்வம்.

ஆய்வுக்கு வழிகாட்டும் நெறியாளர் விஷயத்தில் அவசரம் வேண்டாம். ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் நெறியாளராக இருக்க முடியும். ஓய்வுபெற 3 ஆண்டுக்கும் குறைவாக உள்ளவர் புது மாணவரை எடுக்க முடியாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்குப் போய் யாரிடம் இடம் இருக்கிறது என்று நேரில் விசாரிக்கட்டும். அதற்கு முன்பு பிஎச்.டி. ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்கா இணையதளத்தில் அந்தப் பேராசிரியரின் மாணவர்கள் எழுதிய ஆய்வேடுகளை இறக்கி வாசிக்கட்டும். அவை எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி, ஐந்து இயல், முன்னுரை, முடிவுரை, நடுவில் பாட்டுகளின் பட்டியல் என்று இருந்தால், வேறு ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள். நெறியாளரிடம் இப்போது படிக்கிற மாணவிகள் இருவரிடமாவது தனியாகப் பேசட்டும். அத்தியாயம் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தித் தருகிறார் என்று கேட்கட்டும். ஆய்வேடு எழுதித் தருகிறோம் என்று சுவரொட்டி ஒட்டியிருப்பவர்கள் பக்கமே போகக் கூடாது. மற்றவர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதத்துக்கு மேல் போனால் சிக்கல், 60 சதவீதத்தைத் தாண்டினால் பதிவே ரத்து.

வாத்தியார் வேலை தவிர வேறு வழி? ஐ.ஏ.எஸ். தேர்வில் தத்துவம் ஒரு விருப்பப் பாடம், 500 மதிப்பெண், பாடத்திட்டம் சிறியது. ஆனால் அதற்காகப் பிஎச்.டி. தேவையில்லை, இரண்டையும் குழப்ப வேண்டாம். பி.எட். படித்து முதுகலைத் தமிழாசிரியராகப் போவது பாதுகாப்பான வழி; பிள்ளையின் முகம் இதைக் கேட்டு வாடினால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

அடுத்த நெட் ஜூனிலோ டிசம்பரிலோ வரும். தமிழ்ப் பாடத்தில் எழுதட்டும். கிடைக்கிற மதிப்பெண்ணை வைத்துப் பல பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி. சேர்க்கையும் நடத்துகின்றன, அந்த மதிப்பெண் ஓராண்டுக்குச் செல்லுபடியாகும். முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், பிற்பட்ட, பட்டியல் வகுப்பினருக்கு 5 சதவீதம் தளர்வு. அவள் மதிப்பெண் பட்டியலில் மொத்தம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. அதைப் பார்த்து அனுப்புங்கள். கூடவே, எந்த நூலில் என்ன கேள்வி என்று ஒரு பக்கத்துக்கு மிகாமல் பிள்ளையே கைப்பட எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அதை வாசித்தபிறகு அப்பாவிடம் நானே பேசுகிறேன்.