கேஸ் மடக்குக் கத்தியின் வெள்ளை எலும்புப் பிடிக்கு வீட்டிலேயே சாயம் போடலாமா? கத்தி கெட்டுவிடுமா?

தாராளமாகப் போடலாம். கேஸ் (Case) என்பது ஓர் அமெரிக்கக் கத்திக் கம்பெனி. நீங்கள் கேட்டிருப்பதைப் பார்த்தால் கையில் இருப்பது புதுக் கத்தி, நிறம் சப்பென்று இருக்கிறது, கொடுத்த காசை நினைத்தால் கைவைக்கப் பயம். அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். "வேண்டவே வேண்டாம், மதிப்பு போய்விடும்" என்று யாராவது எழுதுவதற்கு முன்னால் நான் எழுதிவிடுகிறேன்.

முதலில் அது எலும்புதானா என்று பாருங்கள். கேஸ் கத்திகளில் அலகின் அடியில் ஓர் எண் பொறித்திருக்கும். பழைய வழக்கப்படி முதல் இலக்கம் 6 என்றால் பெரும்பாலும் எலும்பு, 5 என்றால் மான்கொம்பு, 3 என்றால் மஞ்சள் செயற்கைப் பிடி. 6254 என்றால் எலும்புப் பிடி, இரண்டு அலகு, ட்ராப்பர் என்ற கத்தி வடிவம். பிளாஸ்டிக் பிடிக்கு இந்த முறை ஆகாது. எலும்பாக இருந்தால் பூதக்கண்ணாடியில் ஊசி குத்தியது மாதிரி சின்னச் சின்னத் துளைகளும் கோடுகளும் தெரியும். மாடு உயிரோடு இருந்தபோது ரத்தம் ஓடிய வழிகள் அவை. சாயமும் அந்த வழியாகத்தான் உள்ளே போகும்.

அப்புறம் வயதைப் பாருங்கள். 1970 முதல் அலகின் அடியில் இருக்கும் கம்பெனிப் பெயர் முத்திரையில் பத்துப் புள்ளி வைத்து, ஆண்டுக்கு ஒரு புள்ளி குறைத்து வந்தார்கள். பழைய கத்தி என்று தெரிந்தால் தொடாதீர்கள். அதை நானும் செய்யமாட்டேன். இந்த ஒரு வரியைப் படிக்காமல் என்னைத் திட்ட வராதீர்கள்.

நான் இருப்பது பென்சில்வேனியாவில். கேஸ் கத்தி செய்கிற பிராட்ஃபோர்டு இதே மாநிலத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது. இந்தப் பக்கம் வயதான ஆண்கள் பலருடைய கால்சட்டைப் பையில் ஒரு மடக்குக் கத்தி கிடக்கும். ஆப்பிள் நறுக்க, பெட்டி பிரிக்க, கயிறு அறுக்க. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் பார்த்துத்தான் எனக்கும் ஆசை வந்தது. நான் வாங்கியது கொத்துப் போட்ட வெள்ளை எலும்பு. மான்கொம்பின் சொரசொரப்பு வரட்டும் என்றுதான் எலும்பில் இப்படிக் கொத்தும் வழக்கமே வந்தது. வெள்ளையில் அந்தக் கொத்துவேலை கண்ணுக்கே தெரியவில்லை. பச்சை போடு என்றாள் மகள்.

துணிச்சாயம் எடுத்துக்கொண்டேன், ரிட் என்று எல்லாக் கடையிலும் கிடைப்பது. துணிச்சாயம் எலும்பில் ஏறுமா என்று கேட்பார்கள். ஏறும். எலும்பு வெறும் சுண்ணாம்பு இல்லை, கொலாஜன் என்ற புரதமும் சேர்ந்ததுதான். கம்பளிக்கும் பட்டுக்கும் போடுகிற அமிலச் சாயம் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். ரிட்டின் சாதாரண வகையில் அதுவும் கலந்திருக்கிறது.

ஆனால் சூடு விஷயத்தில் கவனம். கொதிக்கவிட்டு அதில் கத்தியைப் போடச் சொல்லும் காணொளிகளைப் பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள். ஆட்டுக்கால் பாயா கொதிக்கக் கொதிக்கக் குழம்பு பிசுபிசுவென்று ஆகிறதே, எலும்பில் இருக்கும் அதே புரதம்தான் அங்கே கரைந்து வருகிறது. பிடி வேறு பித்தளை ஆணியில் இறுகி நிற்கிறது. சூட்டில் வளைய இடமில்லாமல் ஆணியைச் சுற்றி மயிரிழை விரிசல் விடும். ஆவி வரலாம், குமிழி வரக் கூடாது. நான் அதற்குமேல் போகவே இல்லை.

சாயத்தைவிட முக்கியம் எண்ணெய்ப் பசையை எடுப்பது. கம்பெனியில் மெருகேற்றிய மெழுகு பிடியில் இருக்கும், நம் கையெண்ணெயும் சேர்ந்திருக்கும். பாத்திரம் கழுவுகிற சோப்பு, பழைய பல்துலக்கி, ஒவ்வொரு கொத்துக்குள்ளும் தேய்த்தேன். காய்ந்ததும் ஸ்பிரிட்டில் துடைத்தேன். வழவழப்பான பிடி என்றால் மிக நுண்ணிய இரும்புக் கம்பளியால் லேசாக மெருகை உடைக்க வேண்டும். உப்புத்தாளால் உலர்வாக ராவாதீர்கள், எலும்புத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. வெளுக்க வேண்டும் என்று பிளீச்சிங் பக்கமும் போகவேண்டாம், அது புரதத்தை அரித்துவிடும்.

சாயப் பொடியில் உப்பு இருக்கிறது, அது கார்பன் எஃகுக்கு எமன். அலகிலும் முதுகுப்பக்கப் பட்டைவில்லிலும் எண்ணெய் தடவித்தான் இறக்கினேன். வினிகர் ஒரு ஸ்பூன் விட்டேன், சாயம் பிடிக்க அது போதும். அதிகம் விட்டால் எலும்பின் சுண்ணாம்பைத் தின்னும். பாத்திரம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், சமையல் பாத்திரம் கூடவே கூடாது. நடுநடுவே எடுத்துத் துணியில் ஒற்றிப் பார்த்தேன். ஈரத்தில் எப்போதும் கருமையாகத்தான் தெரியும், காய்ந்தால் வெளுக்கும். வேண்டியதைவிட ஒரு படி கருப்பாகும்போது எடுத்தேன்.

குளிர்ந்த தண்ணீரில் அலசித் துணியால் அழுத்தித் துடைத்தபோதுதான் அந்தப் பச்சை விளங்கியது. கொத்துக் குழிக்குள் சாயம் தங்கிக் கிட்டத்தட்டக் கருப்பு. மேட்டில் துடைபட்டு இளம்பச்சை. பூணுக்குப் பக்கத்தில் எலும்பின் துளை வாயெல்லாம் கரும்புள்ளியாக நின்றது. வெள்ளையில் செத்துக் கிடந்த கொத்துவேலை முழுதும் எழுந்துவிட்டது. கம்பெனியில் பூட்டுவதற்கு முன்பே துண்டு துண்டாகச் சாயம் ஏற்றுவதால் அது ஆழம் போகும். நம்முடையது மேலோடுதான், புழக்கத்தில் மேடுகள் இன்னும் வெளுக்கும். எனக்கு அது பிடித்திருக்கிறது.

கத்திச் சந்தையில் ஒரு வியாபாரி இதைப் பார்த்து "பாழாக்கிவிட்டாய்" என்றார். நான் விற்கவா போகிறேன்? வீட்டில் சாயம் போட்டதைப் பழைய அரிய நிறம் என்று சொல்லி விற்கிறார்களே, அதுதான் அயோக்கியத்தனம். உங்கள் கத்தியை என்றாவது கைமாற்றினால் சாயம் போட்டதைச் சொல்லிவிடுங்கள்.

இதில் இன்னொரு வருத்தமும் உண்டு, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்கிறேன். நம் ஆட்கள் கூடும் இடத்தில் இதை எடுத்தால் முதலில் வருவது "இத்தனை சம்பளம் வாங்குகிறாய், புதிதாக ஒன்று வாங்க வேண்டியதுதானே" என்பது. கையில் கறை படிகிற எந்த வேலையும் நமக்கு வேலையில்லாதவன் வேலை. வீடு வாங்கிய கதையை மணிக்கணக்கில் பேசலாம், ஒரு கதவுக்குக் கீல் மாட்டிய கதையைப் பேசினால் கேட்க ஆளில்லை. சாயமும் நெசவும் உலோகமும் கைவேலையாக வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம். எனக்கு இது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சரி, கடைசி வேலை. அடுப்பிலோ வெயிலிலோ காயவைக்காமல் நிழலில் விடுங்கள். கீல் இடுக்கில் தண்ணீர் நிற்கும், ஊதி எடுத்துவிட்டுப் புது எண்ணெய் விட்டு அலகைத் திறந்து மூடுங்கள். பழம் நறுக்குவீர்கள் என்றால் சாப்பாட்டுக்கு ஆகும் மினரல் ஆயில்தான் விட வேண்டும். பிடியில் அதையே தடவி ஊறவிட்டு, மறுநாள் மெழுகு போடுங்கள். முதலில் கொஞ்சம் கையில் ஒட்டும், துணியில் நிறம் வராத வரை துடைத்துவிட்டுப் பையில் போடுங்கள். பிடியில் பதித்த கம்பெனிச் சின்னம் சில கத்திகளில் பசையில் நிற்கிறது, சூட்டில் அது விடலாம். உங்களுடையதில் அப்படியா என்று சந்தேகம் இருந்தால் முக்க வேண்டாம், ஸ்பிரிட் கலந்த தோல்சாயத்தைப் பஞ்சில் தொட்டுப் பலமுறை தடவுங்கள். அலகில் பொறித்த எண் எது என்று கருத்துப் பகுதியில் எழுதினால் எது தோது என்று சொல்கிறேன்.