ஒதுக்கீடு வந்தது, காசு எங்கே? ஓய்வுபெற்ற கணக்காளரிடம் சில கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் அரச அலுவலகங்களில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்காளராக இருந்தவன் நான். 2022 டிசம்பர் 31 ஆம் திகதி, அறுபது தாண்டியவர்களை எல்லாம் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்களே, அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். அரச செலவு, சிக்கனம், அரச சேவைச் சீர்திருத்தம் பற்றிக் கேட்கலாம். கேட்க முன்னம் இரண்டு விசயம். ஒதுக்கீடு என்பது காசு அல்ல. இலக்கமும் திகதியும் இல்லாத சுற்றறிக்கையை என்னிடம் அனுப்ப வேண்டாம்.

கேள்வி (செங்கலடி, கிராம அபிவிருத்திச் சங்கத்தவர்): சேர், எங்கள் வீதிக்கு ஒதுக்கீடு வந்துவிட்டது என்று சித்திரைக்கு முன்னமே கூட்டம் வைத்துச் சொன்னார்கள். ஐப்பசி வரைக்கும் ஒரு லோட் கிறவல் (சரளை மண்) வரவில்லை. பிறகு அடைமழைக்குள் கொண்டுவந்து கொட்டினார்கள். தை பிறக்கும்போது கிறவல் வாய்க்காலில் கிடந்தது. இதில் யார் களவு?

பதில்: களவு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். களவே இல்லாமலும் இது இப்படித்தான் நடக்கும். அதைத்தான் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

வரவு செலவுத் திட்டத்தில் உங்கள் வீதிக்கு ஒரு தொகை எழுதப்பட்டால் அது ஒதுக்கீடு. அவ்வளவு வரை செலவழிக்கலாம் என்ற அனுமதி, அவ்வளவுதான். கையில் காசாக வருவது கட்டுநிதி. அதைத் திறைசேரி தன் கையிருப்பைப் பார்த்து மாதாமாதம் விடுவிக்கும். வருமானம் குறைந்த மாதத்தில் சம்பளம், ஓய்வூதியம், வட்டி இவற்றுக்குத்தான் முதலிடம். இந்த மூன்றையும் நிறுத்த முடியாது. மிச்சமிருந்தால்தான் உங்கள் வீதி. நெருக்கடி வந்தால் முதலில் வெட்டுப்படுவது வீதி, கட்டடம், கருவி போன்றவற்றுக்கான மூலதனச் செலவு என்பதற்குக் காரணம் இதுதான். கிறவலுக்குத் தொழிற்சங்கம் இல்லையே.

இது எல்லா மாவட்டத்துக்கும் பொது. எங்கள் பக்கத்துக்கென்று தனியாக ஒரு சனியன் இருக்கிறது: நாட்காட்டி. அரசின் நிதியாண்டு டிசம்பர் 31 இல் முடிகிறது. அதற்குள் செலவாகாத ஒதுக்கீடு செத்துப்போகும். எங்களுக்கு வடகீழ்ப் பருவமழை எப்போது? ஐப்பசி பிற்பகுதியில் தொடங்கி தை வரை. மண் வேலை, மதகு வேலை செய்ய நல்ல காலம் மாசியிலிருந்து புரட்டாதி வரைக்கும்தான். வருடத் தொடக்கத்தில் ஒதுக்கீட்டுக் கடிதம் வர இழுபடும், மதிப்பீடு போட வேண்டும், கேள்விப்பத்திரம் (டெண்டர்) கோர வேண்டும், ஒப்பந்தம் எழுத வேண்டும். எல்லாம் முடிய ஆவணி. அப்போது கட்டுநிதி இல்லை. கட்டுநிதி வரும்போது வானம் கறுத்துவிடும். இனி இரண்டு வழிதான்: மழைக்குள் கொட்டிக் கணக்கை முடிப்பது, அல்லது காசைத் திருப்பி அனுப்பி "செலவழிக்கத் தெரியாத அலுவலகம்" என்று பெயர் வாங்குவது. நான் இரண்டையும் செய்திருக்கிறேன். இரண்டுக்கும் ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

இன்னொரு பொறியும் உண்டு. ஒதுக்கீடு இல்லாமல் செலவு வரும் எந்தக் கடப்பாட்டிலும் இறங்கக்கூடாது என்கிறது அரச அலுவலகங்களின் கணக்கு விதியான நிதிப் பிரமாணம் 94. நல்ல விதி. ஆனால் ஒதுக்கீடு இருந்து, கொந்தராத்துக்காரர் வேலையையும் முடித்து, காசு மட்டும் வரவில்லையென்றால்? பில் அடுத்த வருடத்துக்குப் போகும். அடுத்த வருட ஒதுக்கீட்டின் முதல் கவளத்தை அது தின்னும். வட்டிக்கு வாங்கி வேலை செய்த சின்னக் கொந்தராத்துக்காரர் அதற்குள் டிராக்டரை விற்றிருப்பார். அடுத்த முறை விலை கூட்டித்தான் கேட்பார். "சிக்கனம்" என்று பிந்திக் கொடுத்த காசு கடைசியில் கூடின காசாகத்தான் போகிறது.

ஆதாரம் வேண்டுமென்றால் 2023 உள்ளூராட்சித் தேர்தலைப் பாருங்கள். 1,000 கோடி ரூபாய் ஒதுக்கீடு பாராளுமன்றத்தில் நிறைவேறியிருந்தது. திறைசேரி காசை விடவில்லை. தேர்தல் நடக்கவில்லை. அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்ட்டில் உயர் நீதிமன்றம் சொன்னது. வாக்குப் போட்டது 2025 மே 6. நாட்டின் தேர்தலுக்கே அந்தக் கதி என்றால் உங்கள் கிறவல் வீதி எந்த மூலைக்கு?

கேள்வி (வாழைச்சேனை): ஐயா, எங்களுக்கு அஸ்வெசும (அரசின் நலன்புரிக் கொடுப்பனவு) கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டில் மாடி இருக்கிறது, அவர்களுக்குக் கிடைக்கிறது.

பதில்: பிரதேச செயலகத்தில் நலன்புரி நன்மைகள் பிரிவுக்குப் போய் மேன்முறையீடு எழுத்தில் கொடுங்கள், பிரதி வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தின் நிலையைக் காட்டும் 22 சுட்டிகளை வைத்துப் புள்ளி போடுகிறார்கள். பக்கத்து வீட்டை விட்டுவிட்டு உங்கள் படிவத்தில் என்ன பதிந்திருக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி (கல்முனை, கடை வைத்திருப்பவர்): வற் வரி (பெறுமதி சேர் வரி) 8 வீதமாக இருந்து 18 ஆகிவிட்டது. சாமான் வாங்க வருகிறவன் விலை கேட்டுவிட்டுப் போகிறான். அரசாங்கம் முதலில் தன் செலவைக் குறைக்காமல் எங்களை ஏன் பிழிகிறது?

பதில்: உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் கணக்கு வேறு கதை சொல்கிறது. 2019 கடைசியில் 15 ஐ 8 ஆக இறக்கியபோது நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். 2022 இல் அரசு வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் எட்டு வீதத்துக்குச் சற்று மேல்தான். வந்த பத்து ரூபாயில் ஏழு ரூபாய்க்கு மேல் வட்டிக்கே போனது. மிச்சத்தில் சம்பளம்கூடக் கொடுக்க முடியாது. அமைச்சர்களின் வாகனம், விருந்து எல்லாவற்றையும் நாளைக்கே நிறுத்தினாலும் அந்தக் குழி நிரம்பாது. நிறுத்தத்தான் வேண்டும், அது வேறு. வற் வரியில் எனக்கும் கோபம் உண்டு: பரம ஏழையும் பணக்காரனும் ஒரே 18 வீதம். வருமான வரி ஒழுங்காக வசூலித்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்கத் தேவையில்லை.

கேள்வி (அக்கரைப்பற்று, உயர்தர மாணவி): சேர், காசை அச்சடித்துக் கொடுக்க முடியாதா?

பதில்: அச்சடித்துப் பார்த்தோம், மகள். 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். உணவு மட்டும் 94.9. உங்கள் அம்மாவிடம் கேளுங்கள், அந்த மாதம் வீட்டில் எத்தனை முறை சோறு சமைத்தார்கள் என்று. விலை ஏற அச்சடிப்பு மட்டும் காரணமல்ல. டொலர் இல்லாமை, ரூபாய் விழுந்தது, 2021 இரசாயன உரத் தடையால் நெல் விளைச்சல் விழுந்தது எல்லாம் சேர்ந்தது. இப்போது 2023 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் அரசாங்கத்துக்கு நேரடியாகக் கடன் கொடுப்பதைத் தடுக்கிறது. 2024 இல் வந்த அரச நிதி முகாமைத்துவச் சட்டம் வட்டி நீங்கலான செலவுக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13 வீதம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. பரீட்சைக்கு இந்த இரண்டும் போதும்.

கேள்வி (திருக்கோவில்): உர மானியக் காசு இன்னும் கணக்கில் விழவில்லை.

பதில்: கமநல சேவை நிலையம். என்னிடம் இல்லை.

கேள்வி (ஏறாவூர், ஆசிரியை): அரச சேவையில் ஆள் கூடிவிட்டது, குறைக்க வேண்டும் என்கிறார்கள். எங்கள் பாடசாலையில் கணிதத்துக்கு ஆள் இல்லை. எது உண்மை?

பதில்: இரண்டும் உண்மை. படையினரையும் சேர்த்தால் ஏறத்தாழ 15 லட்சம் பேர் அரச சம்பளம் வாங்குகிறார்கள். தொகையை மட்டும் பார்த்தால் அதிகம். ஆனால் ஆள் இருக்கும் இடத்தில் வேலை இல்லை, வேலை இருக்கும் இடத்தில் ஆள் இல்லை. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரையில் ஒரு மேசைக்கு இரண்டு பேர். வாவியைத் தாண்டி மேற்கே படுவான்கரைக்குப் போனால் ஆசிரியர் இல்லை, மருத்துவமாது இல்லை. மண்டூருக்குக் குருமண்வெளியில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவை) ஏறிப் போய்ப் படிப்பித்தவர்களை எனக்குத் தெரியும். அப்படிப் போனவருக்கும் டவுனில் வீட்டு வாசலில் பாடசாலை உள்ளவருக்கும் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. பிறகு யார் போவார்?

நெருக்கடியில் அரசு செய்வது என்னவென்றால், ஓய்வு பெறுகிறவரின் இடத்தை நிரப்பாமல் விடுவது. இது திட்டமே அல்ல, தற்செயல். யாருக்கு அறுபது வயதாகிறது என்பதுதான் எந்தச் சேவை குறையும் என்பதைத் தீர்மானிக்கிறது. 2022 ஜூனில் ஐந்து வருடச் சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்றார்கள். போனது யார்? வெளியே விலை போகக்கூடிய திறமை உள்ளவர்கள். அலுவலகத்தில் பத்திரிகை வாசிக்கிறவருக்கு எந்த நாடு விசா கொடுக்கும்?

ஒரு கிராம சேவகர் பிரிவை எடுங்கள். கிராம உத்தியோகத்தர், சமுர்த்தி உத்தியோகத்தர், பொருளாதார அபிவிருத்தி உத்தியோகத்தர், விவசாய ஆராய்ச்சி உற்பத்தி உதவியாளர். ஒரே வீட்டுக்கு நாலு பேர் போய் நாலு படிவத்தில் ஒரே விபரத்தை எழுதுகிறார்கள்.

கேள்வி (களுவாஞ்சிகுடி, அபிவிருத்தி உத்தியோகத்தர்): சேர், மன்னிக்க வேண்டும். "பத்திரிகை வாசிக்கிறவர்" என்று எங்களைத்தானே சொல்கிறீர்கள்? 2017 இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் வேலை கேட்டுப் போராடி வெயிலுக்குள் இருந்த பட்டதாரிகளில் நானும் ஒருத்தி. எங்களுக்கு வேலை வேண்டும் என்றுதான் கேட்டோம், கதிரை கேட்கவில்லை.

பதில்: தங்கச்சி, உங்களை நினைத்து எழுதவில்லை. ஆனால் வாசித்தால் அப்படித்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அபிவிருத்தி உத்தியோகத்தர் பதவி வேலைக்காக உருவானதா, போராட்டத்தை முடிக்க உருவானதா? நேர்மையாகச் சொல்லுங்கள்.

அதே உத்தியோகத்தர்: போராட்டத்தை முடிக்கத்தான். அது எங்கள் குற்றமா? நான் புள்ளிவிபரவியல் படித்தவள். முதல் மூன்று வருடம் வரவுப் புத்தகத்துக்குக் கோடு கீறினேன். கணினி கேட்டால் "மூலதனச் செலவு நிறுத்தம்" என்று உங்களைப் போன்ற கணக்காளர்கள்தான் எழுதினார்கள்.

இடையில் ஒருவர் (வெல்லாவெளி, கிராம உத்தியோகத்தர்): சேர் சொல்வது சரி. வெள்ளம் வந்தால் நடுச்சாமத்தில் நான் மட்டும்தான் தோணியில் போகிறேன். மற்ற மூன்று பேரும் எட்டரைக்குக் கையெழுத்து, நாலேகாலுக்குக் கையெழுத்து.

அதே உத்தியோகத்தர்: அண்ணன், போன வெள்ளத்தில் உங்கள் பிரிவின் நிவாரணப் பட்டியலை விடிய விடியத் தட்டச்சு செய்தது யார்? தோணி மட்டும்தான் வேலையா?

இன்னொருவர் (காத்தான்குடி): இரண்டு பேரும் சண்டை பிடிக்க வேண்டாம். ஒரு சான்றிதழுக்கு நான் மூன்று நாள் அலைந்தேன். நாலு பேர் இருந்தும் ஏன்?

பதில்: காத்தான்குடிக்காரர் சரியான இடத்தில் குத்திவிட்டார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு அமைச்சின் ஆள். அமைச்சுக்கு ஒரு படிவம், ஒரு பதிவேடு, ஒரு மேலதிகாரி. ஒருவர் எடுத்த விபரத்தை மற்றவர் பாவிக்க அதிகாரம் இல்லை. ஆளைக் குறைக்க முன்னம் படிவத்தைக் குறைக்க வேண்டும் என்று நான் சொல்லாத கூட்டம் இல்லை. அதற்கு ஒரு சதம் செலவில்லை, சர்வதேச நாணய நிதியமும் தேவையில்லை. ஆனால் படிவத்தை விட்டுக்கொடுத்தால் பதவியும் போய்விடும் என்று ஒவ்வொரு திணைக்களமும் பயப்படுகிறது.

தங்கச்சி, கணினிக் கதை. எந்த அலுவலகம் என்று கேட்கமாட்டேன், எனக்கும் அப்படியொரு கோப்பு நினைவிருக்கிறது. 2022 இல் செலவுக் கட்டுப்பாட்டுச் சுற்றறிக்கையைக் காட்டி நான் மறுத்த கணினிக் கோரிக்கைகள் பல. அதே வருடம் சும்மா இருந்தவர்களுக்கு முழுச் சம்பளத்தில் கையெழுத்து வைத்ததும் நான்தான். சம்பளம் மாதாமாதம் திரும்பத் திரும்ப வரும் மீண்டெழும் செலவு, தடை இல்லை. கணினி மூலதனச் செலவு, தடை. விதிப்படி சரி. ஒரு புள்ளிவிபரப் பட்டதாரியைக் கோடு கீற வைத்ததில் என் கையெழுத்தும் இருக்கிறது.

வெல்லாவெளித் தம்பி, தோணிக்கு நன்றி. ஆனால் அவர் சொன்ன பட்டியலுக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

கேள்வி (ஓட்டமாவடி): எனக்கும் அஸ்வெசும பற்றித்தான்...

பதில்: மேலே வாழைச்சேனைக்குச் சொன்னதுதான்.

கேள்வி (மட்டக்களப்பு நகர், முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர்): சம்பளம் 15,750 ரூபாய் கூடியதாகச் சொல்கிறார்கள். என் கையில் அவ்வளவு வரவில்லையே?

பதில்: குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 24,250 இலிருந்து 40,000. வித்தியாசம் 15,750. ஆனால் முன்னம் தனியாகக் கிடைத்த 7,500 ரூபாய்க் கொடுப்பனவுகளை அதற்குள் கரைத்துவிட்டார்கள். நிகரக் கூடுதல் 8,250. அதுவும் ஒரேயடியாக இல்லை: 2025 ஏப்ரல், 2026 ஜனவரி, 2027 ஜனவரி என்று மூன்று கட்டம். அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்ததால் பின்னால் ஓய்வூதியத்துக்கு நல்லது, அதை மறக்க வேண்டாம்.

கேள்வி (பாண்டிருப்பு): சேர், அரச ஊழியருக்கு ஓய்வு வயது திரும்ப மாறுதாம், ஒரு சுற்றறிக்கை வந்தது, அனுப்பட்டுமா?

பதில்: இலக்கம்? திகதி? கையொப்பம்? இந்த வயதை 2021 நவம்பரில் 65 ஆக்குவதாக அறிவித்தார்கள், 2022 செப்டெம்பரில் 60 க்கு இறக்கினார்கள். என் சேமிப்புத் திட்டமெல்லாம் அதில் தலைகீழானது. அதனால் மாறாது என்று நான் சொல்லமாட்டேன். வாட்ஸ்அப்பை நம்பி வீட்டுக் கடன் எடுக்க வேண்டாம் என்று மட்டும் சொல்கிறேன்.

கேள்வி (செங்கலடி, முதலில் கேட்டவர்): சேர், சண்டையில் எங்கள் வீதி மறந்துபோச்சு. இனி நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: மறக்கவில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் கொடுங்கள். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். "ஊழல் நடந்ததா?" என்று கேட்டால் ஒன்றும் வராது. நாலு திகதி கேளுங்கள்: ஒதுக்கீட்டுக் கடிதத் திகதி, ஒப்பந்தத் திகதி, கட்டுநிதி கிடைத்த திகதி, பில் செலுத்திய திகதி. கூடவே, செய்த வேலையை அளந்து எழுதிய அளவீட்டுத் தாளின் பிரதி. முதல் இரண்டுக்கும் நடுவில் ஐந்து மாதம் போயிருந்தால் தாமதம் உங்கள் அலுவலகத்தில். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் என்றால் கொழும்பில். கிறவல் வீதியில் விழ முன்னமே பில் செலுத்தப்பட்டிருந்தால், நீங்கள் முதலில் கேட்ட கேள்விக்கு அப்போது திரும்பி வருவோம். கடிதம் வந்ததும் படம் எடுத்து அனுப்புங்கள், நான் வாசித்துச் சொல்கிறேன்.