வாசலில் ஒரே ஒரு நாற்காலி

வாசகர் கேள்வி–பதில்: தேர்தல் நேரம்

(பதில் சொல்பவர் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை. பல தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்தவர். 19ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தில் தோன்றிய பஹாய் சமயத்தைச் சேர்ந்தவர்.)

கேள்வி: எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 43 பேர். தேர்தல் தேதி அறிவித்ததிலிருந்து என் தம்பியும் பெரியப்பா மகனும் அடித்துக்கொள்கிறார்கள். கட்சியில் ஆரம்பித்த பேச்சு, என் தங்கை கணவரின் சாதி வரை வந்துவிட்டது. அவர் வேறு சாதி. அந்தப் பெரியப்பா மகன் அண்ணன்தான் அதை எழுதினார். குழுவிலிருந்து வெளியேறிவிடலாமா?
– வாசகி, திண்டுக்கல்

வெளியேறாதீர்கள். நீங்களும் போய்விட்டால் அந்த மாப்பிள்ளைக்கு அங்கே இருக்கிற ஒரு ஆளும் இல்லாமல் போய்விடும்.

கட்சிச் சண்டையை விடுங்கள், முடிவு வந்த மறுவாரம் தானே ஓய்ந்துவிடும். சாதியைச் சொல்லி எழுதிய அந்த ஒரு வரி ஓயாது. அடுத்த காதுகுத்துக்கு மாப்பிள்ளை வர மாட்டார், ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள். அதனால் முதல் போன் அவருக்கு. "பார்த்தேன், மனசுக்குக் கஷ்டமா இருந்தது" என்று சொன்னால் போதும். "அண்ணன் அப்படித்தான், நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது சமாதானம் மாதிரி வரும் வக்காலத்து.

அடுத்த போன் அண்ணனுக்கு. 42 பேர் பார்க்கத் திருத்தினால் யாரும் இறங்கி வர மாட்டார்கள். தனியாகப் பேசி, அழிக்கச் சொல்லுங்கள். குழுவில் உங்கள் பங்குக்கு ஒரே வரி: "இது நம் வீட்டு மாப்பிள்ளையைப் பற்றிய பேச்சு, எனக்குச் சம்மதமில்லை." பதிலுக்கு என்ன வந்தாலும் அங்கே வாதம் வேண்டாம்.

எங்கள் சமயத்தைத் தோற்றுவித்த பஹாவுல்லா புறங்கூறலைக் கடுமையாகத் தடுத்திருக்கிறார். (திருக்குறளில் புறங்கூறாமை 19ஆவது அதிகாரம், பஹாய் நாட்காட்டியில் ஒரு மாதத்துக்கு 19 நாள். தற்செயல்தான், ஆனால் எனக்குப் பிடித்த தற்செயல்.) தேர்தல் சமயத்தில் இதைக் கடைப்பிடித்தால் டீக்கடை பெஞ்சில் பாதிப் பேச்சு காலி. நான் செய்வது ஒன்றுதான்: ஆளைப் பற்றிப் போகிற பேச்சை வேலையைப் பற்றித் திருப்பிவிடுவேன். "சரி, உங்க தெருவுல குடிதண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருது?" என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் தம்பியும் அண்ணனும் ஒரே கட்சியாகிவிடுவார்கள்.

கேள்வி: பஹாய்கள் கட்சியில் சேர மாட்டீர்கள், மேடை ஏற மாட்டீர்களாமே. ஓட்டாவது போடுவீர்களா?
– வாசகர், தேனி

போடுவோம், விரலில் மை இருக்கும். எந்தக் கட்சியிலும் உறுப்பினராக மாட்டோம், எந்தச் சின்னத்துக்கும் வாக்குக் கேட்க மாட்டோம், அவ்வளவுதான்.

எங்களுக்குள்ளேயே வருஷா வருஷம் தேர்தல் உண்டு. பஹாய் சமயத்தில் பூசாரி, பாதிரியார் மாதிரி யாரும் கிடையாது. ஊருக்கு ஒன்பது பேர் கொண்ட உள்ளூர் ஆன்மீக சபைதான் எல்லாம் பார்க்கும். ஏப்ரலில் ரித்வான் பண்டிகையின் முதல் நாள் அதைத் தேர்ந்தெடுக்கிறோம். கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, பிரார்த்தனை சொல்லி, கொஞ்ச நேரம் பேசாமல் இருப்போம். அப்புறம் ஆளுக்கொரு தாள். அதில் ஒன்பது பெயர் எழுத வேண்டும். எட்டு எழுதினாலும் பத்து எழுதினாலும் செல்லாது. வேட்பாளர் என்று ஒருவரும் இல்லை. யாரும் யாரையும் முன்மொழியக் கூடாது, "இவருக்குப் போடலாமே" என்று காதைக் கடிக்கக் கூடாது. கணவனும் மனைவியும்கூடப் பேசிக்கொள்ளக் கூடாது. முப்பது வருஷமாக என் வீட்டுக்காரர் யார் பெயரை எழுதுகிறார் என்று எனக்குத் தெரியாது. என் பெயரை எழுதுவதில்லை என்று ஒரு சந்தேகம் மட்டும் உண்டு.

கேட்க லேசாகத்தான் இருக்கும். முதல் வருஷம் எனக்கு ஐந்தாவது பெயருக்குமேல் பேனா ஓடவில்லை. நோட்டீஸ் இல்லை, போஸ்டர் இல்லை, யார் எப்படி என்று சொல்லித் தர ஆளில்லை. வருஷம் பூரா நாமேதான் மனிதர்களைக் கவனித்து வைத்திருக்க வேண்டும். 19 நாளுக்கொரு முறை கூடுகிறோமே, அங்கே யார் சின்னப் பிள்ளை பேசினாலும் காது கொடுத்துக் கேட்கிறார், எல்லோரும் போன பிறகு யார் பாயைச் சுருட்டி வைக்கிறார் என்றெல்லாம்.

இன்னொரு விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். கடைசி இடத்துக்கு இரண்டு பேர் சம ஓட்டு வாங்கி, அவர்களில் ஒருவர் சிறுபான்மையைச் சேர்ந்தவர் என்றால், மறு ஓட்டே கிடையாது. இடம் அவருக்குத்தான். அப்போது எங்கள் சமயத்தை வழிநடத்திய ஷோகி எஃபெண்டி 1938இல் வட அமெரிக்க பஹாய்களுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் உள்ள நெறி இது. அங்கே அப்போது கறுப்பர்களுக்குத் தனி பள்ளி, தனி இருக்கை என்று இருந்த காலம்.

கேள்வி: நீங்கள் சொல்வது நம் குடவோலை முறைதானே? எல்லாம் இங்கிருந்து போனதுதான்!
– வாசகர், காஞ்சிபுரம்

ஓட்டுக் கேட்டு யாரும் அலைவதில்லை என்பது வரை சரி. ஆனால் உத்திரமேரூரில் நடந்தது குலுக்கல். 30 குடும்புகளிலிருந்து (இன்றைய வார்டு மாதிரி) ஓலை போட்டுக் குடத்தைக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் வரக்கூடாது என்று கல்வெட்டில் இருக்கிறது பாருங்கள், அதை யாராவது இன்றைக்குக் கொண்டுவந்தால் நல்லது. அதே கல்வெட்டு சொந்த நிலமும் வேதக் கல்வியும் கேட்கிறது. உங்கள் பாட்டியின் பாட்டி பெயரும் என் பாட்டியின் பாட்டி பெயரும் அந்தக் குடத்துக்குள் விழுந்திருக்காது. பெருமைப்படுங்கள், கொஞ்சம் அளவாக.

கேள்வி: மேடையில் ஒரு சாதியை, ஒரு மதத்தை வாய்க்கு வந்தபடி ஏசுகிறார்கள். அப்போதும் "எனக்குக் கட்சி இல்லை" என்று ஒதுங்குவது கோழைத்தனம் இல்லையா?
– வாசகர், விருதுநகர்

சில சமயம் கோழைத்தனம்தான். ஆனால் நான் தோற்ற இடம் மேடை இல்லை.

2011 சட்டமன்றத் தேர்தல். ஒரு கிராமத்துப் பள்ளியில் எனக்குத் தலைமை அலுவலர் வேலை. ஏப்ரல் வெயில். அறை வாசலில் வயதானவர்களுக்கென்று ஒரே ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தேன். பத்தரை மணி வாக்கில் மடிப்புக் கலையாத வேட்டியோடு ஒரு பெரியவர் வந்தார். "ஐயா, உட்காருங்க" என்று நானே எழுந்துபோய் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தேன். பெண்கள் வரிசையில் காலனியிலிருந்து வந்த ஒரு பாட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பார்க்கத்தான் செய்தேன்.

சாயங்காலம் பெட்டிகளுக்குச் சீல் வைத்துவிட்டு வாக்காளர் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பட்டியலில் போட்டோவும் இருக்கும், பக்கத்தில் வயதும் இருக்கும். பெரியவருக்கு 61. பாட்டிக்கு 74.

என்னிடம் யாரும் சாதி பார்க்கச் சொல்லவில்லை. கை தானாகப் போனது. அப்போது நான் பஹாயாகிப் பதினான்கு வருஷம். மனித குலம் ஒன்று என்று எத்தனையோ கூட்டங்களில் பேசியிருந்தேன்.

1912 ஏப்ரல் 23. பஹாவுல்லாவின் மகன் அப்துல்-பஹா வாஷிங்டனில் இருந்தார். அமெரிக்காவில் அது அதிபர் தேர்தல் ஆண்டு. பாரசீகத் தூதரக அதிகாரி ஒருவர் வீட்டில் விருந்து. லூயிஸ் கிரெகரி என்ற கறுப்பின வழக்கறிஞர் அப்துல்-பஹாவைப் பார்க்க வந்திருந்தார், விருந்துக்கு அவருக்கு அழைப்பில்லை. எல்லோரும் உட்கார்ந்த பிறகு அப்துல்-பஹா, கிரெகரி எங்கே என்று கேட்டு, மேஜையில் ஓரிடம் ஒதுக்கச் சொல்லி, அவரைத் தன் வலப்பக்கம் உட்கார வைத்தார். பிரமுகர்கள் சுற்றி இருந்தார்கள். அந்த நாற்காலியைப் பற்றி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். என் வாசலில் கிடந்த நாற்காலியை நான் பார்க்கவில்லை.

மேடை விஷயத்துக்கு வருகிறேன். சாதி, மதத்தின் பெயரால் ஓட்டுக் கேட்பது 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படியே முறைகேடு. எந்தக் கட்சி செய்தாலும் புகார் கொடுங்கள், அதற்கு நீங்கள் எதிர்க்கட்சிக்காரராக இருக்க வேண்டியதில்லை. கட்சி இல்லை என்றால் வாய் இல்லை என்றும் ஆகாது. மத நல்லிணக்கம் பற்றி இந்திய பஹாய்களின் தேசிய ஆன்மீக சபை வெளியிட்ட அறிக்கையை, 1994இல் அயோத்தி நிலம் தொடர்பான தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே எடுத்துக்காட்டியது. ஆனால் கூட்டத்தில் ஏசியவனைக் கண்டித்துவிட்டு, வீட்டுக்கு வந்து வேலைக்கார அம்மாவுக்குத் தனி டம்ளரில் காப்பி கொடுத்தால் என்ன சொல்வது? டம்ளரை முதலில் பாருங்கள்.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்கள். இந்த முறை உங்கள் ஓட்டு யாருக்கு?
– வாசகி, கோவை

என் வீட்டுக்காரரும் போன வாரம் காப்பி ஆற்றிக்கொண்டே மெல்லக் கேட்டுப் பார்த்தார். காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டேன்.