கம்பிக்குள் வைத்துக் காப்பாற்றலாமா?

அழிந்துவரும் காட்டுயிர்களைக் கூண்டில் வைத்து வளர்ப்பது பற்றி இம்முறை நிறையக் கடிதங்கள் வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

மோயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுக் கழுகுகள் சொற்பமாகத்தான் மிஞ்சியிருக்கின்றன. அரியானாவில் செய்வதைப் போல இங்கும் சிலவற்றைப் பிடித்து வளர்த்துப் பெருக்கினால் என்ன? பறக்கப் பிறந்ததை அடைத்து வைப்பது பாவம் என்கிறார் என் தந்தை.
– வாசகர், கூடலூர்

உங்கள் தந்தையின் மனக்குறை நியாயமானது. ஆனாலும் சரியா தவறா என்று சொல்வதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும். அந்தப் பறவை வெளியில் எதனால் சாகிறது? அந்தக் காரணம் நீங்கிவிட்டதா?

1990களில் பாறுகள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தபோது யாருக்கும் காரணம் புரியவில்லை. செத்த பறவையை அறுத்துப் பார்த்தால் ஈரல், இதயம், சிறுநீரகம் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு பூசினாற்போல வெள்ளைப் படலம். சிறுநீரகம் பழுதாகி, கழிவாக வெளியேற வேண்டிய யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின் மேலேயே படிந்திருந்தது. மாடுகளுக்கு வலிக்கும் வீக்கத்துக்கும் போடும் டைக்ளோஃபினாக் ஊசிதான் காரணம் என்று பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004இல் நிறுவியது. ஊசி போட்டும் பிழைக்காத மாட்டின் சடலத்தில் மருந்து தங்கிவிடுகிறது. அதைத் தின்ற பாறு சில நாட்களில் சாகிறது. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் இந்த மருந்து இருந்தாலே இனம் சரிந்துவிடும். ஒரே சடலத்தைப் பல பறவைகள் கூடித் தின்னும். ஆனால் ஒரு ஜோடி ஆண்டுக்கு இடுவதோ ஒரே ஒரு முட்டை. 1992க்கும் 2007க்கும் இடையே இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்தில் ஒன்றுதான் மிஞ்சியது.

இந்த நிலையில் சிலவற்றைப் பிடித்து உள்ளே கொண்டுவந்தது சரிதான். வெளியே இருந்த இரையே நஞ்சாகிவிட்டிருந்தது. அரியானாவின் பிஞ்சோரில் 2004இல் இனப்பெருக்க மையம் வந்தது. அங்குள்ள பொதுக் கூண்டு சுமார் 100 அடி நீளம், 40 அடி அகலம், 20 அடி உயரம். இறக்கையை விரித்தால் சுமார் இரண்டு மீட்டர் வரும் பறவைக்கு அது வானம் ஆகாது. ஆனால் கூட்டமாக வாழும் பறவை கூட்டமாகவே இருந்து, துணை தேடி, கூடு கட்ட அது போதும். உணவாகும் ஆடுகளை வாங்கியவுடன் அறுப்பதில்லை. உடம்பில் மருந்து ஏதும் இருந்தால் வெளியேறட்டும் என்று ஒரு வாரத்துக்குக் குறையாமல் வைத்திருந்து, பிறகுதான் இறைச்சியாக்குகிறார்கள். முதல் முட்டையை ஆரம்பத்திலேயே எடுத்து அடைகாக்கும் பெட்டியில் வைத்தால், அதே பருவத்தில் இரண்டாவது முட்டையும் கிடைக்க வாய்ப்புண்டு.

மனிதக் கையில் ஊட்டி வளர்க்கும்போது ஓர் ஆபத்து இருக்கிறது. முட்டையிலிருந்து வந்த குஞ்சு முதலில் மனித முகத்தைப் பார்த்தால் தன்னையும் மனித இனம் என்றே எண்ணிக்கொள்ளும். பெரிதானதும் தன் இனத்தில் துணை தேடாது. அமெரிக்காவில் 1987இல் கலிஃபோர்னியா காண்டார் எனும் பிணந்தின்னிக் கழுகுகள் 27 மட்டுமே மிஞ்சி, அத்தனையும் கூண்டுக்குள் இருந்தன. அவற்றின் குஞ்சுகளுக்குக் காண்டார் தலை போன்ற கைப்பாவையை மாட்டிக்கொண்டு, ஆள் மறைவில் நின்று இரை ஊட்டினார்கள். இன்று 500க்கு மேல் இருக்கின்றன. ஆனாலும் வேட்டைக்காரர்கள் சுட்ட விலங்குகளில் தங்கும் ஈயக் குண்டுத் துகளைத் தின்று இன்னும் சாகின்றன. கூண்டுக்குள் வேலை வென்றும், வெளியே உள்ள காரணம் முழுதாக நீங்கவில்லை.

இந்தியாவில் மாட்டுக்கான டைக்ளோஃபினாக் 2006இல் தடைசெய்யப்பட்டது. அதன் பிறகும் மனிதர்களுக்கான 30 மி.லி. குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015இல் குப்பியின் அளவை 3 மி.லி.யாகக் குறைத்தார்கள். பாறுகளைக் கொல்லும் வேறு வலி மருந்துகளான கீட்டோப்ரோஃபென், அசெக்ளோஃபினாக் இரண்டும் மாடுகளுக்கு 2023இல்தான் தடையாயின. பிஞ்சோரிலிருந்து முதன்முதலாக வெண்முதுகுப் பாறுகளை 2020இல் விட்டபோது மையம் தொடங்கி 16 ஆண்டுகள் ஆகியிருந்தன. இதைத் தாமதம் என்று குறை சொல்பவர்கள் உண்டு. எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. நஞ்சு நீங்காத இடத்தில் கொண்டுபோய் விடுவதைவிடக் காத்திருப்பது மேல்.

இப்போது மோயாறு. அங்கே பாறுகள் இன்றும் ஆற்றோர நீர்மருது மரங்களில் தாமாகவே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. அங்கிருந்து ஒரு ஜோடியைப் பிடித்தால் நடப்பில் உள்ள ஒரு கூட்டையே கலைக்கிறோம். தென்னகத்தில் கூண்டு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. நீங்கள் மாடு வைத்திருந்தால், வலி மருந்து தேவைப்படும்போது மெலோக்சிகாம் அல்லது டோல்ஃபினமிக் அமிலம் தரும்படி கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டும் பாறுகளுக்குப் பாதுகாப்பானவை. வேறு வலி ஊசி போட்ட சில நாட்களுக்குள் மாடு இறந்தால் வெளியே இழுத்துப் போடாமல் ஆழக் குழி வெட்டிப் புதையுங்கள். மாட்டை அடித்த புலி மீதுள்ள கோபத்தில் சடலத்தில் விஷம் வைப்பவர்கள் உண்டு. அந்த ஒரு சடலம் ஒரு பள்ளத்தாக்கின் பாறுக் கூட்டத்தையே முடித்துவிடும்.

வண்டலூரில் வெள்ளைப் புலியைப் பார்த்தோம். அவ்வளவு அரிய இனத்தைப் பெருக்குவது நல்ல செயல்தானே?
– வாசகர், திண்டிவனம்

வெள்ளைப் புலி தனி இனம் அல்ல. தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஓர் ஒடுங்கு மரபணு வந்து சேர்ந்தால் சாதாரண வங்கப் புலிக்குப் பிறக்கும் நிறமாற்றம்தான் அது. 1951இல் மத்தியப் பிரதேசத்தின் ரீவா காட்டில் பிடிபட்ட மோகன் என்ற ஆண் குட்டியை அதன் மகளோடே இணைசேர்த்து, 1958இல் வெள்ளைக் குட்டிகளைப் பெற்றார்கள். அன்று முதல் வெள்ளை நிறத்துக்காக உறவுக்குள்ளேயே திரும்பத் திரும்ப இணைசேர்ப்பது நடக்கிறது. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு இவற்றுக்குத் தடம் மாறிச் செல்வதால் பலவற்றுக்கு மாறுகண். அடுத்த முறை கம்பியருகே வரும்போது கண்களைக் கவனித்துப் பாருங்கள். இவற்றைக் காட்டில் விடும் திட்டம் எதுவும் இல்லை. காட்டுப் புலிக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. அமெரிக்க உயிரியல் பூங்காக்களின் சங்கம் 2011இல் தன் உறுப்பினர்கள் இவற்றை இனப்பெருக்கம் செய்வதை நிறுத்தியது. இங்கும் நிறுத்த வேண்டும். இருப்பவை ஆயுள் முடியும்வரை நன்றாக வாழட்டும்.

பின்னவலவில் அநாதை யானைகளைப் பார்க்கச் சீட்டு எடுத்தால் அது யானைகளுக்குச் செய்யும் உதவியா?
– வாசகர், மட்டக்களப்பு

இலங்கையிலேயே இரண்டு வழிகள் இருக்கின்றன. பின்னவல 1975இல் தாயற்ற குட்டிகளுக்காகத் தொடங்கியது. குட்டிகள் வளர்ந்து அங்கேயே ஈன்றன. ஆற்றில் குளிப்பாட்டுவது காட்சியானது. காட்டுக்குத் திரும்பும் வழி மட்டும் அமையவில்லை. உடவளவையில் 1995இல் தொடங்கிய இடைத்தங்கல் நிலையம் வேறு விதம். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை குட்டிகள் வரிசையாக வந்து புனலும் குழாயும் வழியாகப் பால் குடிக்கும். குடித்து முடித்ததும் கூட்டமாகத் திரும்பிப் போய்விடும். பார்வையாளர் தள்ளி நிற்கும் மேடையிலிருந்து பார்க்கலாம், தொட முடியாது. பாகனும் இல்லை, பழக்கலும் இல்லை. சுமார் ஐந்து வயதானதும் ஒன்றாக வளர்ந்தவற்றைச் சேர்த்தே காட்டில் விடுகிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவை இப்படித் திரும்பியிருக்கின்றன. உங்கள் சீட்டுப் பணம் அங்கே போகட்டும்.

குட்டியை முகாமுக்குக் கொண்டுபோவதற்கும் முந்தைய வழி ஒன்று உண்டு, அதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது: தாயிடமே சேர்ப்பது. ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் 2023 டிசம்பரில் தனியே தவித்த குட்டியைத் தமிழக வனத்துறையினர் தாயின் கூட்டத்தோடு சேர்த்தார்கள். டிரோனால் கூட்டத்தைத் தேடுவது, மனித வாடை போகக் குட்டியைக் குளிப்பாட்டிச் சேறு பூசுவது, கூட்டத்தின் பாதையில் விட்டு விலகி நிற்பது என்று இதற்கு முறை இருக்கிறது. இதில் ஊர்க்காரர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் பாசத்தால் வருவது: தடவிக் கொடுப்பது, பசும்பால் ஊட்டுவது, சூழ்ந்து நின்று படம் எடுப்பது. பசும்பாலால் கடும் வயிற்றுப்போக்கு வந்து குட்டி சாகலாம். கூட்டம் கூடினால் தாய் நெருங்காது.

சதுப்பு முதலைகளைக் கூண்டில் வளர்த்து ஆயிரக்கணக்கில் பெருக்கினார்களே, அது வெற்றிதானே?
– வாசகர், கேளம்பாக்கம்

முதல் பாதி வெற்றி. இந்தியாவின் முதலைத் திட்டம் 1975இல் தொடங்கியது. சென்னை முதலைப் பண்ணை 1976இல் வந்தது. சதுப்பு முதலை ஒரு தடவைக்கு 25, 30 முட்டை இடும். பண்ணையில் நல்ல தீனியும் வெயிலும் கிடைத்து ஆண்டுக்கு இருமுறைகூட இட்டன. விட ஏற்ற நீர்நிலைகள் சீக்கிரமே நிரம்பிவிட்டன. முதலை வேண்டும் என்று கேட்கும் ஊர் எது? அதனால் உள்ளே நெருக்கடி. முட்டையிலேயே நிறுத்துவது, ஆணையும் பெண்ணையும் பிரித்து வைப்பது என்று பின்னால் செய்ததை முதல் ஆண்டிலேயே திட்டமிட்டிருக்க வேண்டும்.

கரியால் எனும் நீள்மூக்கு முதலையின் கதை இதற்கு நேர்மாறு. ஆற்று மணலிலிருந்து முட்டை எடுத்து, 1.2 மீட்டர் நீளம் வரும்வரை வளர்த்து, ஆயிரக்கணக்கில் ஆறுகளில் விட்டார்கள். அந்த அளவுக்கு எண்ணிக்கை கூடவில்லை. மணல் அள்ளுவதும், வலையும், அணையும் அப்படியே இருக்கின்றன. 2007–08 குளிர்காலத்தில் சம்பல் ஆற்றில் நூற்றுக்கும் மேற்பட்டவை செத்தன. அறுத்துப் பார்த்தபோது அவற்றின் உள்ளுறுப்புகளிலும் அதே யூரிக் அமிலப் படிவு.

குழந்தைகளை மிருகக்காட்சி சாலைக்கு அழைத்துப் போகலாமா? நல்லபடி நடத்துகிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், ஈரோடு

அழைத்துப் போங்கள். ஆனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் ஓட்டமாகப் பார்க்காமல், ஒரு விலங்கின் முன் இருபது நிமிடம் நில்லுங்கள். முதலில் தரையைப் பாருங்கள். வேலியோரம் புல் தேய்ந்து ஒற்றையடிப் பாதை விழுந்திருக்கிறதா? விலங்கு ஒரே இடம்வரை போய், ஒரே காலில் திரும்பி, மறுபடி அதே வழியில் வருகிறதா? தலையைச் சும்மா ஆட்டிக்கொண்டே இருக்கிறதா? அப்படியானால் அந்த விலங்குக்கு மன உளைச்சல். பரந்து திரியும் ஊனுண்ணிகளிடம் இது அதிகம் என்று 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. துருவக் கரடிக்குக் காட்சிசாலையில் கிடைக்கும் இடம் காட்டில் அது உலவும் பரப்பில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. (தீனி வரும் நேரத்தில் கதவருகே உலாத்துவது மட்டும் இதில் சேராது.)

அடுத்து, நம் கண்ணில் படாமல் ஒதுங்க அதற்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். விலங்கு தெரியவில்லை என்று குழந்தை சிணுங்கினால் அது நல்ல பூங்காவின் அடையாளம் என்று சொல்லிக் கொடுங்கள். கூட்டமாக வாழும் சோலைமந்தியைத் தனியே வைத்திருந்தால் காரணம் கேளுங்கள். மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் எந்தப் பூங்காவும் நடக்கக் கூடாது. வாரத்தில் ஒருநாள் மூடி விலங்குகளுக்கு ஓய்வு தர வேண்டும் என்பதும் விதி. வண்டலூருக்கு அது செவ்வாய். கல்லெறிவது, சீண்டுவது, தின்பண்டம் போடுவது எல்லாமே சட்டப்படி குற்றம்.

உறவினர் ஒருவர் தந்த நட்சத்திர ஆமை இரண்டு ஆண்டுகளாக வீட்டில் இருக்கிறது. நல்லபடியாகத்தான் பார்த்துக்கொள்கிறோம். அருகில் உள்ள காட்டில் விட்டுவிடலாமா?
– வாசகர், காரைக்குடி

விடாதீர்கள். வீட்டிலும் வைத்திருக்காதீர்கள். இதை வளர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்; 2019 முதல், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலிலும் இருக்கிறது, அதாவது வணிகத்துக்காக ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோகத் தடை. வடமேற்கு இந்தியா, தென்னிந்தியா, இலங்கை என மூன்று பகுதிகளில் வாழும் ஆமைகள் இவை. உங்களுடையது எந்த மண்ணைச் சேர்ந்தது என்று உங்களுக்குத் தெரியாது; வீட்டில் தொற்றிய நோயைக் காட்டில் உள்ளவற்றுக்கும் அது கொண்டுபோகலாம்.

ஓட்டின் மேடுகளைத் தொட்டுப் பாருங்கள். இந்த இனத்துக்கு இயல்பாகவே மேடு உண்டு. அது கூம்பு கூம்பாக அளவுமீறி எழும்பியிருந்தாலோ, ஓடு அழுத்தினால் நெகிழ்ந்தாலோ, வெயிலும் சுண்ணாம்புச் சத்தும் போதவில்லை, சோறும் வெள்ளரிக்காயும் மட்டுமே தின்று வளர்ந்திருக்கிறது என்று பொருள். மாவட்ட வன அலுவலகத்துக்கோ வனச்சரக அலுவலகத்துக்கோ முதலில் தொலைபேசியில் சொல்லுங்கள். எடுத்துப் போகும்போது காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் காய்ந்த புல் பரப்பி வையுங்கள். ஆமைதானே என்று தண்ணீர் வாளியில் போட்டுவிட வேண்டாம். இது நிலத்து ஆமை, நீந்தத் தெரியாமல் மூழ்கிச் செத்துவிடும். என்ன தீனி கொடுத்தீர்கள், எப்போது வந்தது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்; சிகிச்சை தரும் மருத்துவருக்கு அது மிகவும் பயன்படும்.