‘ஃபிளெக்ஸ் ஃபியூயல்’ என்று சொல்லி விற்ற பழைய கார்: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: கோவையில் ஒரு கார் கன்சல்டிங்கில் 2017 மாடல் பெட்ரோல் கார் ஒன்றை 4,10,000 ரூபாய்க்கு வாங்கினேன். ‘ஃபிளெக்ஸ் ஃபியூயல் கிட் போட்ட வண்டி, எத்தனால் எவ்வளவு கலந்திருந்தாலும் ஊற்றலாம், மைலேஜ் 18 குறையாது’ என்று வாட்ஸ்அப்பில் எழுதியே அனுப்பினார்கள். மூன்று மாதமாகிறது, 12-ஐத் தாண்டவில்லை. செக் இன்ஜின் விளக்கு அணைவதே இல்லை. பெட்ரோல் ஹோஸ் கசிந்து ஒருமுறை மாற்றியாயிற்று. கேட்டால், ‘நாடு முழுக்க 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்தான், எல்லா வண்டிக்கும் இப்படித்தான். உள்ளது உள்ளபடி விற்றோம் என்று ரசீதிலேயே இருக்கிறதே’ என்கிறார்கள். ஆர்.சி. இன்னும் பழைய உரிமையாளர் பெயரில் இருக்கிறது. பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

பதில்: கேட்கலாம். ஆனால் எத்தனால் மீது பழியைப் போட்டுக் கேட்காதீர்கள். அவர்கள் காத்திருப்பதே அதற்குத்தான். ‘பங்க்கில் அரசாங்கம் விற்கிற எரிபொருளுக்கு நாங்கள் என்ன செய்வது?’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

கணக்கைப் பாருங்கள். எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. இ10-க்குச் சரிசெய்யப்பட்ட பழைய கார்களில் இ20 ஊற்றினால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று 2021-இல் வந்த நிதி ஆயோக் அறிக்கையே மதிப்பிட்டது. அவர்கள் சொன்ன 18 உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், இ20 அதை 16.8 அளவுக்குத்தான் இறக்கும். மாதம் 1,000 கிலோமீட்டர், லிட்டர் 100 ரூபாய் என்றால், 18-க்குச் செலவு சுமார் 5,560, 16.8-க்கு 5,950, 12-க்கு 8,330. இ20-இன் பங்கு 400 ரூபாய் கூட இல்லை. மீதி 2,380 ரூபாய் எங்கே போகிறது என்பதுதான் உங்கள் வழக்கு.

பெரும்பாலும் அந்தக் கிட்டிலேயே போகும். இத்தகைய கிட் பெட்டிகள், பெட்ரோலை இன்ஜினுக்குள் தெளிக்கும் இன்ஜெக்டருக்குச் செல்லும் ஒயரில் குறுக்கே செருகப்பட்டு, இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டும். இ85 போன்ற எரிபொருளுக்கு அது தேவை. நம் ஊர் பங்க்கில் வருவதோ இ20. தேவைக்கு மேல் பெட்ரோல் உள்ளே போய், பிளக்கில் கரி படியும், செக் இன்ஜின் விளக்கு எரியும், கடைசியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போகும். உண்மையான ஃபிளெக்ஸ் ஃபியூயல் காரில் இன்ஜெக்டர், ஃபியூயல் பம்ப், ரப்பர் பாகங்கள், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு எல்லாமே அதற்கென்று செய்யப்பட்டவை. இந்தியாவில் 2017-இல் அப்படி ஒரு கார் விற்பனைக்கே வரவில்லை. மாருதி தன் வேகன்ஆர் மாதிரி வண்டியைக் காட்டியதே 2022 டிசம்பரில்தான். ஹோஸ் கசிவை மட்டும் பெரிதாக்காதீர்கள். பழைய ரப்பர் வயதாலும் வெடிக்கும், அதற்கு அவர்களிடம் பதில் இருக்கிறது.

கிட்டைக் கழற்றுவதற்கு முன் சாட்சியத்தைத் திரட்டுங்கள். அந்தக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் போட்டு, வந்த பிழைக் குறியீடுகளை அச்செடுத்து, ‘தயாரிப்பாளர் பொருத்தாத பெட்டி இன்ஜெக்டர் லைனில் உள்ளது’ என்று எழுத்தில் வாங்குங்கள். பி0172 என்ற குறியீடு வந்திருந்தால் எரிபொருள் அதிகமாகப் போகிறது என்று அர்த்தம். பிறகு ஒரே பங்க்கில் டேங்க் ஃபுல், 300 கிலோமீட்டர் ஓட்டம், மறுபடி டேங்க் ஃபுல். இரண்டு பில், இரண்டு ஓடோமீட்டர் படம். கிட்டைக் கழற்றிய பின் இதையே இன்னொரு முறை செய்யுங்கள். இரண்டு கணக்கின் வித்தியாசத்தைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது. சர்வீஸ் பதிவில் உள்ள பழைய கிலோமீட்டரையும் மீட்டரோடு ஒப்பிடச் சொல்லுங்கள். மீட்டர் திருத்தப்பட்டிருந்தால் வழக்கின் கனமே மாறிவிடும். ‘கொண்டு வாங்க, இலவசமாகக் கழற்றித் தருகிறோம்’ என்று கடையில் அழைத்தால் போகாதீர்கள். பெட்டி அங்கேயே தங்கிவிடும்.

வாட்ஸ்அப் செய்தி இருக்கும் போனை மாற்றவோ ஃபார்மேட் செய்யவோ வேண்டாம். அச்செடுத்துக் கொடுக்கும்போது மின்னணுப் பதிவுகளுக்குத் தேவையான பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63-இன் சான்றிதழையும் இணையுங்கள். நுகர்வோர் ஆணையம் சாட்சியச் சட்டத்தை அவ்வளவு கண்டிப்பாகப் பார்ப்பதில்லை என்றாலும், எதிர்த்தரப்புக்கு ஒரு வாய்ப்பை ஏன் கொடுக்க வேண்டும்?

‘உள்ளது உள்ளபடி’ என்ற வரி, நீங்கள் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய குறைகளுக்குத்தான் பெரிதாகப் பயன்படும். எழுத்தில் பொய் சொல்லிவிட்டு அதன் பின்னால் ஒளிய முடியாது. உங்கள் பக்கம் ஒரு பலவீனமும் இருக்கிறது. ஆர்.சி.யில் எரிபொருள் என்ற இடத்தில் வெறும் பெட்ரோல் என்றுதான் இருக்கும். ‘அதைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்குமே’ என்று அவர்கள் வாதிடுவார்கள். ஒப்பந்தச் சட்டம் பிரிவு 19-இன் விதிவிலக்கு அதற்கு ஓரளவு இடம் தருகிறது. அதோடு மூன்று மாதம் ஓட்டிவிட்டீர்கள். எனவே முழுப் பணத்தை முதல் கோரிக்கையாக வையுங்கள். பழுது நீக்கும் செலவு, விலையில் கழிவு, கூடுதல் பெட்ரோல் செலவு, மன உளைச்சலுக்கு இழப்பீடு ஆகியவற்றை மாற்றுக் கோரிக்கையாகச் சேருங்கள். என் கணிப்பில் இரண்டாவது கிடைக்கவே அதிக வாய்ப்பு.

15 நாள் கெடு கொடுத்து, போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுங்கள். கொடுத்த விலை 50 லட்சம் வரை அங்கேதான். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், கெடு இரண்டு ஆண்டு. வாங்கியது வியாபாரியிடம் என்பதால்தான் இந்த வழி. தனிநபரிடம் வாங்கியிருந்தால் சிவில் நீதிமன்றம்தான். பழைய வண்டி வியாபாரிகள் ஆர்டிஓவிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. அந்தச் சான்றின் நகலை நோட்டீஸிலேயே கேளுங்கள். இல்லாத கடைக்கு அந்தக் கேள்வியே சமரசத்துக்கு வரக் காரணமாகும்.

நோட்டீஸ் போன பிறகு கிட்டைச் சர்வீஸ் சென்டரில் கழற்றி, பில்லோடு சீல் வைத்து வைத்திருங்கள். அனுமதியில்லாத மாற்றம் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-க்கு எதிரானது. மாற்றிய உரிமையாளருக்குப் பிரிவு 182ஏ-இன் கீழ் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் வரலாம். மாற்றியது நீங்கள் இல்லை. ஆனால் தெரிந்த பின்னும் அப்படியே ஓட்டினால் அந்த வாதம் பலமிழக்கும்.

இதையெல்லாம்விட அவசரமானது ஆர்.சி. வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். தாமதக் கட்டணத்தோடு இப்போதாவது படிவம் 29, 30 கொடுங்கள். பழைய உரிமையாளர் கையெழுத்துப் போட இழுக்க மாட்டார். விபத்து நடந்தால் பதிவில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், அவருக்கும் பயம் இருக்கும். மூன்றாம் நபர் காப்பீடு வண்டியோடு தானாக உங்களுக்கு வந்துவிடும். சொந்தச் சேதத்துக்கான காப்பீடு அப்படி வராது. பாலிசி உங்கள் பெயருக்கு மாறும் வரை இடித்தால் செலவு உங்களுடையது. இழப்பீடு கேட்காமல் இருந்ததற்காகப் பழையவருக்குக் கிடைத்த பிரீமியச் சலுகையான நோ கிளெய்ம் போனஸும் உங்களுக்குக் கிடையாது. அந்த வித்தியாசத் தொகையைக் கட்ட வேண்டிவரும். பெயர் மாற்றினால் வண்டியை ஏற்றுக்கொண்டதாகிவிடுமோ என்று தயங்க வேண்டாம். ‘என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், சட்டக் கடமைக்காகவே மாற்றுகிறேன்’ என்று நோட்டீஸில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.