இங்கிலீஷ் லெக்சரும் தமிழ் ஏ.எல்லும்: முதலாம் வருடக்காரரின் கேள்விகளுக்குப் பதில்

கம்பஸில் இங்கிலீஷில் படிக்கத் திணறுபவர்கள் கேளுங்கள் என்று போன கிழமை சொல்லியிருந்தேன், நிறையக் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். நானும் தமிழ் மொழிமூலம் ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டுக் கொழும்புக்கு வந்தவள்தான். இப்போது வெள்ளவத்தையில் முதலாம் வருடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

அக்கா, ஏ.எல்லில் பொருளியலுக்கு ஏ எடுத்தனான். இங்கே லெக்சரில் ஒன்றும் விளங்கவில்லை. நான் படிக்கத் தகுதியில்லாதவனா? (ஹற்றன், முகாமைத்துவம்)

இல்லை தம்பி. உங்களுக்குத் தெரிந்த விஷயத்துக்கே அங்கே வேறு பெயர் சொல்கிறார்கள், அவ்வளவுதான். நீங்கள் 'கேள்வி, நிரம்பல்' என்று கீறிய அதே இரண்டு வளைகோடுகள்தான் 'டிமாண்ட், சப்ளை'. நெகிழ்ச்சிதான் 'இலாஸ்டிசிட்டி'. கணக்கீட்டில் பெறுமானத் தேய்வு 'டிப்ரிசியேஷன்' ஆகிவிடும். ஏ.எல் கொப்பிகளை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தால் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது எடுத்து வாருங்கள். ஒரு சிஆர் கொப்பியில் பக்கத்தை மூன்றாகப் பிரித்து தமிழ்ச் சொல், இங்கிலீஷ் சொல், அதைச் சொல்கிற விதம் என்று எழுதுங்கள். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். 'அனாலிசிஸ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் எல்லோருக்கும் தெரியும், லெக்சரர் வேகமாக 'அனலைஸ்' என்று சொல்லிக்கொண்டு போகும்போதுதான் அது அந்தச் சொல்லின் உறவு என்று காது பிடிக்காமல் விடுகிறது. லெக்சருக்கு முதல்நாள் இரவு ஸ்லைட்டைப் பார்த்துப் பத்துச் சொல் இப்படி எழுதினால் போதும்.

எந்தச் சொற்களை முதலில் படிக்கிறது? அகராதி முழுவதும் முடியாதே. (வவுனியா, கலைப்பீடம்)

நியூசிலாந்தில் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தின் எவ்ரில் கொக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் 'அக்கடமிக் வேர்ட் லிஸ்ட்' என்று ஒன்றை வெளியிட்டார். 570 சொற்குடும்பங்கள், அதாவது ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்த சொற்களும் சேர்ந்தது ஒரு குடும்பம். எந்தத் துறைப் புத்தகத்தை எடுத்தாலும் ஏறத்தாழ பத்தில் ஒரு சொல் அதிலிருந்துதான் வரும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, பத்துத் துணைப் பட்டியல்களாகப் பிரித்திருக்கிறார்கள், முதலாவதில் 60. அதில் தொடங்குங்கள் தங்கச்சி. உங்கள் பாடத்துக்கே உரிய சொற்களை லெக்சரர் விளக்குவார், ஆனால் 'அஸ்யூம்', 'கான்டெக்ஸ்ட்', 'சிக்னிஃபிகன்ட்' எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்.

நோட்ஸ் எழுதினால் கேட்க முடியவில்லை, கேட்டால் எழுத முடியவில்லை. (மட்டக்களப்பு, விஞ்ஞானம்)

சொல்லுக்குச் சொல் எழுதுவதை இன்றோடு நிறுத்துங்கள். கோர்னெல் முறை என்று ஒன்று இருக்கிறது, அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் வோல்டர் போக் 1950களில் உருவாக்கியது. தாளின் இடப்பக்கம் இரண்டரை அங்குலமும் கீழே இரண்டு அங்குலமும் விட்டுக் கோடு போட்டு, லெக்சர் நேரம் வலப்பக்கம் மட்டும் எழுதுவது. அன்று இரவே இடப்பக்கத்தில் கேள்விகள், கீழே உங்கள் சொந்த வசனத்தில் சுருக்கம். நான் என் பிள்ளைகளுக்கு இதில் ஒரு மாற்றம் சொல்வேன்: வலப்பக்கம் தமிழும் இங்கிலீஷும் கலந்து எப்படியும் கிறுக்குங்கள், கீழே வரும் சுருக்கம் மட்டும் இங்கிலீஷில் இருக்கட்டும். விளங்குவதற்கு ஒரு மொழி, எழுதிப் பழக இன்னொன்று. தினம் நான்கு வரி இப்படி எழுதினால் பரீட்சை மண்டபத்தில் கை நடுங்காது.

லெக்சர் இங்கிலீஷ்தான், ஆனால் கஷ்டமான இடம் வந்தால் சேர் சிங்களத்தில் விளக்குகிறார். (யாழ்ப்பாணம், பொறியியல்)

இது பலருக்கு நடக்கிறது, எனக்கும் நடந்தது. முதல் தவணை முழுக்க வாய் திறக்காமல் இருந்தேன், அதை நினைத்தால் இன்றும் கவலையாக இருக்கிறது. லெக்சர் முடிந்ததும் இரண்டு பேராகப் போய், 'சேர், தமிழ் மொழிமூலம் படித்தவர்கள் இருக்கிறோம், அந்த இடத்தை இங்கிலீஷிலும் ஒருக்கால் சொல்ல முடியுமா' என்று கேளுங்கள். வேண்டுமென்று செய்பவர்கள் குறைவு. பட்ச்சில் இருக்கும் சிங்கள நண்பரோடு சேர்ந்து இருங்கள், அவருக்கும் இங்கிலீஷ் இரண்டாம் மொழிதானே. அப்புறம் குப்பி, அதாவது மாணவர்களே மாணவர்களுக்கு எடுக்கும் வகுப்பு. பரீட்சைக்கு முன் சீனியர்கள் எடுக்கும் குப்பியைத் தவறவிடாதீர்கள், தமிழில் நடந்தாலும் சிங்களத்தில் நடந்தாலும் போய் இருங்கள்.

25 பக்கக் கட்டுரை ஒன்றை வாசிக்கச் சொன்னார்கள், மூன்று நாளாக நான்காம் பக்கத்தில் நிற்கிறேன்.

முதல் வரியிலிருந்து அகராதியோடு போகாதீர்கள். சுருக்கம், முன்னுரையின் கடைசிப் பந்தி, முடிவுரை: இந்த மூன்றையும் முதலில் வாசியுங்கள். பிறகு ஒவ்வொரு பந்தியிலும் முதல் வசனம். 'ஹவெவர்' வந்தால் அங்கே நில்லுங்கள், எழுதியவர் தன் கருத்தைச் சொல்லப்போகிறார். இரண்டு முறைக்கு மேல் வந்த சொல்லை மட்டும் அகராதியில் பாருங்கள்.

என் அசைன்மென்டில் 60 வீதம் வேறு இடங்களில் உள்ளதோடு ஒத்துப்போகிறது என்று டர்னிட்டின் (கொப்பியடித்ததைப் பிடிக்கும் மென்பொருள்) காட்டுகிறது. நான் புத்தகத்தின் பெயர் போட்டேனே? (திருகோணமலை, கலைப்பீடம்)

பெயர் போட்டது சரி, வசனம் அவருடையது. நாலைந்து சொல்லை மாற்றிப் போடுவது பாராஃப்ரேஸ் (சொந்த வசனத்தில் எழுதுவது) இல்லை. பந்தியை வாசித்துப் புத்தகத்தை மூடுங்கள். அறைத் தோழிக்குத் தமிழில் கதைப்பதுபோல் சொல்லிப் பாருங்கள். சொன்னதை அப்படியே எளிய இங்கிலீஷில் எழுதுங்கள், பிறகுதான் புத்தகத்தைத் திறந்து சரிபார்க்க வேண்டும். தமிழில் சொல்ல வரவில்லை என்றால் அந்தப் பந்தி இன்னும் விளங்கவில்லை, திரும்ப வாசியுங்கள். அப்படியே எடுக்கத்தான் வேண்டும் என்றால் மேற்கோள் குறி போடுங்கள்.

பதில் தெரிந்தும் பரீட்சையில் புள்ளி குறைகிறது.

கேள்வியின் வினைச்சொல்லைப் பாருங்கள். 'லிஸ்ட்' என்றால் பணவீக்கத்துக்கு நான்கு காரணம் எழுதிவிட்டு எழும்பலாம். 'டிஸ்கஸ்' என்றால் எது பெரிய காரணம், ஏன், யார் மறுக்கிறார்கள் என்று எழுத வேண்டும். பாஸ்ட் பேப்பர் ஐந்தை எடுத்து அந்தச் சொற்களை மட்டும் சிவப்புப் பேனையால் வட்டமிடுங்கள், உங்கள் லெக்சரர் திரும்பத் திரும்ப எதைக் கேட்கிறார் என்று தெரிந்துவிடும்.