'மிகவும் திருப்தி' என்று டிக் அடித்தவர் மாத்திரையைச் சரியாகச் சாப்பிடுகிறாரா?

கேள்வி: தாலுகா ஊர் ஒன்றில் மெடிக்கல் ஷாப் நடத்துகிறேன். இரண்டு மருந்தாளுநர்கள் வேலை பார்க்கிறார்கள். கவுண்டரில் கருத்துப் படிவம் வைத்தோம். கிட்டத்தட்ட எல்லோரும் 'மிகவும் திருப்தி' என்றே டிக் செய்திருக்கிறார்கள். ஆனாலும் மாத்திரையை மாற்றிச் சாப்பிட்டுவிட்டேன் என்று மாதத்துக்கு ஓரிருவர் வந்து நிற்கிறார்கள். எங்கள் சேவை எப்படி இருக்கிறது என்பதை எதை வைத்து அளப்பது?

பதில்: படிவத்தில் டிக் அடித்தவர்கள் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். முகம் கொடுத்துப் பேசினீர்கள், மருந்து கையிருப்பில் இருந்தது, சீக்கிரம் அனுப்பினீர்கள். அதற்கான டிக் அது. மருந்து சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. அதை அந்தப் படிவம் கேட்கவே இல்லை.

மருத்துவமனை மருந்தகம் ஒன்றில் நான் பொறுப்பில் இருந்தபோது நடந்தது. மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் வாங்கிப் போன ஒரு பாட்டி, பத்து நாளில் வாய் முழுக்கப் புண்ணோடு வந்தார். அந்த மாத்திரை வாரத்தில் ஒரு நாள் மட்டும். மற்ற ஆறு நாளும் ஃபோலிக் ஆசிட். இரண்டும் சின்ன மஞ்சள் மாத்திரை. அட்டையிலிருந்து வெட்டி, ஒரே மாதிரிக் கவரில் போட்டுக் கொடுத்திருந்தோம். பாட்டி இடம் மாற்றிவிட்டார். மெத்தோட்ரெக்ஸேட் வாரத்தில் ஆறு நாள் உள்ளே போயிருக்கிறது. ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாகக்கூடிய தவறு. "மருந்து குடுத்த பொண்ணு மேல தப்பில்லய்யா, தங்கமாத்தான் பேசிச்சு" என்றார் பாட்டி. அவரிடம் உங்கள் படிவத்தை நீட்டியிருந்தால் ஐந்துக்கு ஐந்து போட்டிருப்பார்.

ஆகவே முதலில் அளக்க வேண்டியது, கடைப் படியை இறங்கும்போது நோயாளிக்கு என்ன தெரிந்திருக்கிறது என்பதை. இதற்கு எளிய வழியை உலக சுகாதார நிறுவனம் 1993-லேயே வகுத்துக் கொடுத்திருக்கிறது. மருந்து கொடுக்க நோயாளியோடு செலவிட்ட நேரம், சீட்டில் எழுதியதில் எத்தனை மருந்து கிடைத்தது, கவரில் நோயாளி பெயர், மருந்தின் பெயர், எப்போது சாப்பிடுவது ஆகிய மூன்றும் இருந்தனவா, எந்த அளவில் சாப்பிடுவது என்று நோயாளிக்குத் தெரிந்ததா. நான்கையும் உங்கள் கடையிலேயே பார்த்துவிடலாம்.

முப்பது பேர் போதும். ஆனால் எல்லோரையும் காலை பத்து மணிக்குப் பிடிக்காதீர்கள். டாக்டர்கள் கிளினிக் திறந்திருக்கும் மாலை 6 முதல் 9 வரைதான் உண்மை வெளியே வரும். கேட்பவர் மருந்து கொடுத்தவராக இருக்கக் கூடாது, முதலாளியும் கூடாது. வாசலுக்கு வெளியே, பக்கத்துத் தெரு பி.ஃபார்ம் மாணவர் யாராவது நிற்கட்டும். "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். "இந்த மாத்திரை எதுக்கு, எப்போ, எத்தனை நாளைக்கு, வீட்டுக்குப் போய் எப்படிச் சாப்பிடுவீங்கன்னு சொல்லுங்க" என்று கேட்டுச் சீட்டோடு ஒப்பிட வேண்டும். ஐந்து மருந்தில் நான்கைச் சரியாகச் சொன்னாலும் அவரைத் 'தெரியாதவர்' கணக்கில்தான் சேர்ப்பேன். தவறாகச் சொன்னவரை அப்படியே அனுப்பிவிடாமல் உள்ளே கூட்டிவந்து மறுபடி சொல்லிக் கொடுங்கள்.

எண்ணைப் படிப்பதில் ஒரு எச்சரிக்கை. முப்பதில் 18 பேர் சரியாகச் சொன்னார்கள் என்று வையுங்கள், 60 சதவீதம். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் உண்மை நிலை ஏறத்தாழ 42 முதல் 77 வரை எங்கேயும் இருக்கலாம். அடுத்த முறை 20 பேர் ஆகிவிட்டால் முன்னேறிவிட்டோம் என்று ஊழியருக்கு இனிப்பு வாங்க வேண்டாம். 12 ஆகிவிட்டால் திட்டவும் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்து, நான்கைந்து முறை போக்கைப் பாருங்கள். யார் கொடுத்த எந்த மருந்தில் தவறுகிறது என்ற குறிப்புதான் எண்ணைவிடப் பயன்படும். இன்ஹேலர், இன்சுலின் பேனா, வெறும் வயிற்றில் போடும் தைராய்டு மாத்திரை, வாரம் ஒரு முறை மருந்து ஆகியவற்றைத் தனியாகக் கவனியுங்கள்.

திருப்தியைக் கேட்க வேண்டாமா என்றால், கட்டாயம் கேளுங்கள். நடந்ததைப் பற்றிக் கேளுங்கள். "வேற என்ன மருந்து சாப்பிடுறீங்கன்னு கேட்டாங்களா?" "ஏதாவது கேட்க நினைச்சு, பக்கத்துல ஆள் நின்னதால கேட்காம வந்துட்டீங்களா?" இரண்டாவது கேள்விக்குப் பெண்களிடமிருந்து வரும் பதில்களைப் படித்துப் பாருங்கள், கவுண்டரின் ஓரத்தில் ஒரு தடுப்பு வைக்கத் தோன்றும். இன்னொன்று: சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கேட்டவருக்கு எடுத்துக் கொடுத்தால் அவர் முழுத் திருப்தியோடு போவார். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் ஹெச் மருந்தை மறுத்து, டாக்டரைப் பார்க்கச் சொன்ன மருந்தாளுநருக்குக் குறைந்த மதிப்பெண்தான் விழும். அந்த மதிப்பெண்ணை வைத்து ஊக்கத்தொகை கொடுத்தீர்களானால், நல்ல மருந்தாளுநரைத் தண்டிக்கிறீர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கவுண்டருக்குப் பின்னால் ஒரு நாற்பது பக்க நோட்டும் வையுங்கள். தவறான மருந்தை எடுத்து, கொடுப்பதற்கு முன் கண்டுபிடித்த ஒவ்வொரு முறையும் ஒரு வரி: தேதி, மருந்து, ஏன் மாறியது. பெயர் எழுத வேண்டாம். ஒரு முறை சம்பளத்தில் கை வைத்தால் போதும், அந்த நோட்டு அதன் பிறகு வெள்ளையாகவே இருக்கும். மருந்தால் பக்க விளைவு என்று யாராவது வந்தால் 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம்.

நாளைக்கே தொடங்க வேண்டுமென்றால், வாரம் ஒரு முறை மருந்துக்கு மட்டும் வேறு நிறக் கவர் வாங்கி, அதில் கிழமையை முழுதாக எழுதச் சொல்லுங்கள். 'திங்கட்கிழமை மட்டும்'. பாட்டிக்குப் பிறகு நாங்கள் செய்த முதல் மாற்றம் அதுதான்.